நூல் தந்த விடுதலை

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். அந்தக் கலப்பையையே பெயராகக் கொண்ட நாடு நாஞ்சில் நாடு. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் அடங்கிய இவ்வளநாட்டைத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்று முன்னோர் போற்றினர். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் பழையாறு வயல்களை வளப்படுத்தியது. குளங்கள் நிறைந்தன; கதிர்கள் தலை சாய்ந்தன. ஆயினும் கலப்பை பிடித்த கைக்கு அந்நெல் உரியதாகவில்லை. நிலத்தை விற்பது போலவே அந்நிலத்தில் உழுதவனையும் விற்கவும், வாங்கவும், ஒற்றி வைக்கவும் வழக்கம் இடங்கொடுத்திருந்த காலம் ஒன்று இங்கு இருந்தது. அவன் பெற்ற பிள்ளைகளும் பிறப்பாலேயே அடிமைகள் ஆயினர்.

வயல் இல்லாத செம்மண் தேரிகளிலும் கடற்கரை ஓரங்களிலும் பனையேறி வாழ்ந்தவர் பலர். பனையேறுதல் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழில். கால் ஒரு முறை தவறினால், மாலையில் ஒரு குடும்பம் தலைவனை இழந்து நிற்கும். வாந்திபேதியும் காய்ச்சலும் பரவிய ஆண்டுகளில், தாய் தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் இழந்த குழந்தைகளும் உண்டு. இத்தகைய குழந்தைகளை எடுத்து வளர்த்த கிறித்தவ அறநிலையங்களின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்வோம். கொடுத்தவர்களின் பெயர்களை நாம் ஓரளவு அறிவோம். பெற்றுக்கொண்ட குழந்தைகள் என்ன செய்தார்கள் என்பதை அறிந்தவர் சிலரே. ஆகவே, இக்கதையை இரு திசையிலிருந்தும் நோக்குவோம்.

இதன் தொடக்கத்தைத் தேடிச் சென்றால், நாம் ஜெர்மனி நாட்டிலுள்ள ஹல்லே நகருக்குப் போகவேண்டியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் சமயப் பேராசிரியர் அங்கே ஓர் அநாதை இல்லம் தொடங்கினார். 1698ஆம் ஆண்டில் அதற்குப் பெரிய கட்டடம் எழும்பத் தொடங்கியது. உணவும் உடையும் கொடுப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. இல்லத்தை ஒட்டிப் பள்ளிகள் அமைத்தார், அச்சகம் நிறுவினார், மருந்துச் சாலையும் வைத்தார். அச்சகமும் மருந்துச் சாலையும் ஈட்டிய வருவாய் இல்லத்தைத் தாங்க உதவியது. அநாதை இல்லம், பள்ளி, அச்சகம், மருத்துவம் என்னும் நான்கும் ஒன்றுசேர்ந்த அமைப்பு அங்கேதான் உருப்பெற்றது.

அந்த ஹல்லேயில் பயின்ற சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதே ஹல்லேயில் பயின்ற மற்றொருவர், சரியாக ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1806ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென் திருவிதாங்கூரில் அடியெடுத்து வைத்தார். அவர் பெயர் ரிங்கல்தௌபே. இலண்டன் மிஷன் சங்கம் அவரை அனுப்பியிருந்தது. எனினும், நாஞ்சில் நாட்டுக்கு அவரை அழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்பவர். சிதம்பர யாத்திரை சென்ற வேதமாணிக்கம் தஞ்சையில் கிறித்தவ சமயத்தை ஏற்று, ஊர் திரும்பித் தம் மக்களுக்கு ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். அவ்வேண்டுகோளின் பயனாகவே ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். இந்நாட்டு மக்கள் வாசலில் நின்று வரவேற்ற பணி இது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

1809ஆம் ஆண்டில் மயிலாடியில் கோயிலும் பள்ளியும் தோன்றின. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலேயே காண்கிறது. எளிமையே உருவான ரிங்கல்தௌபே, 1816ஆம் ஆண்டில் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு இந்நாட்டை விட்டு நீங்கினார். அதன் பின் அவர் வாழ்க்கை எங்கே எவ்வாறு முடிந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

1818ஆம் ஆண்டில் மீட் ஐயர் வந்து பணியின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் இராணி கௌரி பார்வதி பாய். கல்வி பரப்பும் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று 1817ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்த பெருமை அவருக்கு உண்டு. ஆங்கிலேய ரெசிடெண்டு கர்னல் மன்றோவின் பரிந்துரையின் பேரில், நாகர்கோவில் கல்விச் சாலைக்காக நெல்வயல் வாங்க இராணி 5,000 ரூபாய் அளித்தார். அவ்வயலின் விளைவு நெடுங்காலம் அச்சாலையைத் தாங்கியது. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று நடத்திய பள்ளிக்கு இந்து அரசி ஒருவர் வயல் அளித்தது எண்ணி மகிழத்தக்க செய்தி. 1820ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் அச்சகமும் ஏற்பட்டது. ஹல்லேயின் அமைப்பு கடல் கடந்து வந்து பழையாற்றங்கரையில் வேரூன்றியதைக் காண்கிறீர்கள்.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1819ஆம் ஆண்டின் இறுதியில் மால்ட் ஐயரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். அம்மையார் பெண் குழந்தைகளுக்காக விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெற்றோரை இழந்தவர், வறுமையால் கைவிடப்பட்டவர், அடிமைக் குடியிற் பிறந்தவர் ஆகிய சிறுமியர் அங்கே இடம் பெற்றனர். மீட் ஐயரின் மனைவியார் ஜோகன்னா, தஞ்சை மிஷனில் தொண்டாற்றிய ஹோர்ஸ்ட் என்பவரின் மகள். அவரும் இப்பணியில் ஈடுபட்டார். 1828ஆம் ஆண்டில் மீட் குடும்பம் நெய்யூருக்குச் சென்றபின் அங்கும் இத்தகைய விடுதிப் பள்ளி நடைபெற்றது.

பெண்களுக்கு எழுத்தறிவு எதற்கு என்று உயர்ந்தோர் இல்லங்களிலும் கேட்ட காலம் அது. அவ்வாறிருக்க, வயலடிமையின் மகள் ஏடு பிடிப்பதை ஊரார் எங்ஙனம் பொறுப்பர்? ஏளனம் செய்தார்கள், எதிர்ப்பும் காட்டினார்கள். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இடையூறு பணமுடை. நாள்தோறும் அத்தனை வயிறுகளுக்குச் சோறு இடவேண்டும். இங்கிலாந்திலுள்ள அன்பர்கள் சிலர் ஆளுக்கு ஒரு குழந்தையின் ஆண்டுச் செலவை ஏற்றனர். அது போதவில்லை.

அந்நிலையில் மால்ட் அம்மையார் சிறுமியருக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். திண்டு போன்ற தலையணை ஒன்றின் மேல் சித்திரம் வரைந்த தாளை விரித்து, அதன் கோடுகள் தோறும் குண்டூசிகளைக் குத்துவர். சிறு மரக்குச்சிகளில் சுற்றிய மெல்லிய நூல்களை அவ்வூசிகளைச் சுற்றி முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி எறிந்து பின்னுவர். ஒரு சாண் நீளம் பின்னுவதற்குள் கண்ணும் கையும் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வைச் சிறுமியர் தாங்கினர். அவர்கள் பின்னிய லேஸ் இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியர் இல்லங்களுக்கும் அயல்நாட்டுக்கும் விலைபோயிற்று. பள்ளிச் செலவின் ஒரு பங்கை அதன் வருவாய் ஈடுசெய்தது. அன்பளிப்பால் பசி தீர்ந்த குழந்தைகள், தம் உழைப்பால் தம்மையும் தம் பின் வந்தவரையும் தாங்கத் தொடங்கினர்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. பின்னல் வேலையில் தாம் பெற்ற கூலியைச் சேர்த்துவைத்து, அடிமைச் சிறுமியர் சிலர் உடையவனுக்கு விலை கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டனர். ஒரு கணம் இதனை நினைத்துப் பாருங்கள். அடிமையைச் சட்டம் விடுவிக்கவில்லை; அரசன் ஆணை விடுவிக்கவில்லை; நூல் விடுவித்தது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், பஞ்சு கொண்டு இழை நூற்பதையும் சொல் கொண்டு நூல் இயற்றுவதையும் ஒப்பிட்டுக் காட்டுவதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நெய்யும் நூலுக்கும் படிக்கும் நூலுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. நாகர்கோவில் விடுதியில் அவ்விரண்டு நூலும் ஒரே சிறுமியின் கையில் இருந்தன. ஒன்று அவள் அறிவுக் கண்ணைத் திறந்தது. மற்றொன்று அவள் விலங்கை அறுத்தது.

சட்டம் பின்னரே வந்தது. அடிமைகளின் இழிநிலையை எடுத்துக்காட்டி மால்ட் ஐயரும் பிற மிஷனெரிமாரும் 1847ஆம் ஆண்டில் மகாராசாவிடம் விண்ணப்பம் கொடுத்தனர். 1853ஆம் ஆண்டில் முதல் ஆணையும், 1855ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முழுமையான ஆணையும் பிறந்தன. அடிமை முறை அவ்வாறு திருவிதாங்கூரில் சட்டப்படி முடிவுற்றது. அவ்வாணை பிறப்பதற்கு முன்னரே தம் விலையைத் தாமே செலுத்தி வெளியேறிய அச்சிறுமியர், வரலாற்றில் அரசாணையை முந்திக்கொண்டவர் ஆவர்.

மேலாடைப் போராட்டத்தையும் இங்கே நினைவுகூர்தல் பொருத்தம். தாழ்த்தப்பட்ட குடிப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியலாகாது என்பது அக்கால வழக்கம். மிஷன் பள்ளிகளில் பயின்ற பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை தைத்து அணிந்தனர். அது காரணமாகச் சந்தைகளில் அவர்கள் தாக்கப்பட்டனர். பள்ளிகளும் கோயில்களும் தீக்கிரையாயின. 1829ஆம் ஆண்டின் அரசாணை குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1858ஆம் ஆண்டில் கலகம் மீண்டும் மூண்டது. 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் வெளியான ஆணையே ஒருவாறு முற்றுப்புள்ளி வைத்தது. ஊசியும் நூலும் கற்ற கைகள் இப்போராட்டத்திலும் பங்கு கொண்டன என்பதை மறத்தல் ஆகாது.

1860ஆம் ஆண்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. வாந்திபேதியும் உடன் வந்தது. திக்கற்ற குழந்தைகளின் தொகை பெருகியது. பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, அண்டையிலுள்ள நாசரேத் ஊரில் மர்காஷிஸ் ஐயர் அநாதைச் சிறார்களைச் சேர்த்து வளர்த்தார். அவர்களுக்காகக் கைத்தொழிற் பள்ளியும் நிறுவினார். பஞ்சம் நீங்கிய பின்னும் பிள்ளை பிழைக்கவேண்டும் அல்லவா? அக்கேள்விக்கு நாகர்கோவிலும் நாசரேத்தும் ஒரே விடையையே கண்டன.

இதுவரை சொன்னவை சீர்திருத்தத் திருச்சபையின் பணிகள். கத்தோலிக்கரின் பணியும் இம்மாவட்டத்தில் சிறப்பாக நடைபெற்றது. நாஞ்சில் நாட்டின் மேற்கே, கல்குளம் வட்டத்தில், முளகுமூடு என்னும் ஊர் இருக்கிறது. கார்மேல் சபைப் பாதிரிமார் அங்கே அநாதைக் குழந்தைகளைப் பேணிவந்தனர். சின்னஞ்சிறு குழந்தைகளையும் வளர்ந்த பெண் பிள்ளைகளையும் பராமரிக்கத் துறவுப் பெண்டிர் தேவை என்று அவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதினர்.

அவ்வழைப்பை ஏற்றவர் பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகரத்து மடத்தைச் சேர்ந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையார். அவர் 1857ஆம் ஆண்டில் பிறந்தவர். நாற்பது வயதில், மரி உர்சுல் என்னும் இளந்துறவி ஒருத்தியை மட்டும் துணையாகக் கொண்டு கப்பல் ஏறினார். 1897ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இருவரும் முளகுமூடு வந்து சேர்ந்தனர். மொழி தெரியாது, பழக்கம் தெரியாது, வெப்பமும் மழையும் புதியவை. குழந்தைகளே அவர்களுக்கு மொழியாசிரியர் ஆயினர் என்று சொல்லலாம். பெல்ஜியம் லேஸ் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாடு. ஆகவே முளகுமூட்டிலும் வளர்ந்த பெண்கள் பின்னல் பயின்று பிழைப்புக்கு வழி தேடினர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மிஷன்கள், எண்பது ஆண்டு இடைவெளியில், ஒரே தொழிலைத் தேர்ந்தெடுத்தது வியப்புக்குரியது.

இருவர் தொடங்கிய அப்பணி பின்னர் ஒரு துறவுச் சபையாக வளர்ந்தது. 1910ஆம் ஆண்டில் அச்சபை பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்றது. சீனத்துக்கும் காங்கோ நாட்டுக்கும் பரவியது. அன்னை மரி லூயிஸ் 1928ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று ஐ.சி.எம். சகோதரிகள் என்று வழங்கப்படும் அச்சபை, தன் பிறப்பிடம் முளகுமூட்டு அநாதை இல்லம் என்றே சொல்லிக்கொள்கிறது. வெளிநாட்டார் நம் ஊருக்கு அளித்தார்கள் என்றே பேசிப் பழகியிருக்கிறோம். நம் ஊர் அநாதைக் குழந்தைகள் உலகுக்கு ஒரு துறவுச் சபையை அளித்தார்கள் என்றும் பேசலாம்.

வரலாறு படிப்பவர் புகழ்மாலை சூட்டுவதோடு அமைதல் கூடாது, எடைபோட்டும் பார்க்கவேண்டும். இவ்வறநிலையங்களின் மேல் சில குறைகள் சொல்லப்பட்டதுண்டு. அவற்றுள் முதலாவது மதமாற்றம் பற்றியது. குழந்தைகள் வளர்த்தவர் சமயத்திலேயே வளர்ந்தனர் என்பது உண்மை. தேர்ந்துகொள்ளும் வயது அவர்களுக்கு இல்லை என்பதும் உண்மை. ஆயினும், அக்குழந்தைகளை அன்று வேறு எவரும் தேடி வரவில்லை என்பதும் உண்மையே. இம்மூன்றையும் ஒன்றாக வைத்தே தீர்ப்புக் கூறுதல் நேர்மை. இதே காலத்தில் இதே மண்ணில் தோன்றிய அய்யா வைகுண்டர், சாதி வேறுபாடின்றி ஒரே கிணற்றில் நீராடச் செய்தும் ஒரே பந்தியில் உண்ணச் செய்தும் எளியவர் தலை நிமிர வழி காட்டினார். எளியோர் உயர்வுக்கு ஒரு சமயம் மட்டுமே வாயில் என்று எவரும் கொள்ளவேண்டியதில்லை.

இரண்டாவது, பெயர் பற்றியது. ஆண்டுச் செலவை ஏற்ற ஆங்கிலேய அன்பர் விரும்பிய பெயரையே குழந்தைக்கு இடும் வழக்கம் இருந்தது. பொன்னம்மை எனப் பிறந்தவள் முன்பின் காணாத ஒரு சீமாட்டியின் பெயரைத் தாங்கி வாழ்ந்தாள். சோறு கொடுத்தவர் பெயரையும் மாற்றலாமா என்னும் கேள்வி நியாயமான கேள்வி. ஏற்கெனவே பெற்றோரை இழந்த குழந்தைக்கு, அவர்கள் இட்ட பெயர் ஒன்றே எஞ்சிய சொத்து. அதையும் இழந்தது சிறிய இழப்பு ஆகாது.

மூன்றாவது, உழைப்புப் பற்றியது. சிறுமியர் தொழில் செய்து பொருள் ஈட்டியதை இக்காலச் சட்டம் ஒப்பாது, ஒப்பவும் கூடாது. அக்காலத்தில் அது விடுதலைக்கு வழியாயிற்று என்று போற்றும்போதே, குழந்தையின் விரல் நோவினால்தான் அவ்வழி திறந்தது என்பதையும் மனத்தில் வைத்தல் வேண்டும்.

பின்னாளில் பொறுப்பு மெல்ல மெல்லப் பொதுமக்கள் அரசுக்கு மாறியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இம்மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பசித்த பிள்ளைக்குச் சோறிடுவது ஒருவர் இரக்கத்தைப் பொறுத்தது என்னும் நிலை மாறி, அது நாட்டின் கடமை என்றாயிற்று. பெற்றோர் அற்ற குழந்தையை முதலில் உறவினர் இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ சேர்க்க முயலவேண்டும். இல்லம் இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் நெறி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. அதன் எழுத்தறிவு விழுக்காடு 91.75. அரசும், பல சமயத்தாரும், மக்களும் இட்ட பல விதைகளின் விளைவு அது. வயலடிமையின் மகள் கையில் ஏட்டைக் கொடுத்த விடுதியும் அவ்விதைகளுள் ஒன்று.

பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வோர் ஜூன் மாதமும் அதில் பெயர்களை எழுதியிருக்கிறேன். 'தந்தை அல்லது பாதுகாவலர்' என்னும் கட்டத்தில், சில பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விடுதியின் பெயர் எழுதப்படும். அக்கட்டத்தைப் பார்த்து அப்பிள்ளையை இரக்கத்தோடு நோக்குவது ஆசிரியர்க்கு எளிது. ஆனால் அவ்விரக்கத்தை விட, கணக்கில் ஐயம் கேட்டால் பொறுமையோடு விளக்குவதும், பிழை செய்தால் மற்றவரைப் போலவே திருத்துவதும் அப்பிள்ளைக்குப் பெரிதும் பயன்பட்டன. தன்னையும் மற்றவரோடு ஒத்தவனாக நடத்துவதையே அவன் விரும்பினான்.

மாணவர்களே, ரிங்கல்தௌபேயின் பெயர் நூல்களில் இருக்கிறது. மால்ட் அம்மையாரின் பெயரும் அன்னை மரி லூயிஸின் பெயரும் இருக்கின்றன. தலையணை மேல் குனிந்து பின்னி, காசு சேர்த்து, தன் விடுதலையை வாங்கிய அச்சிறுமியின் பெயரோ நம் பாடநூல் எதிலும் இல்லை. உங்கள் பள்ளியிலும் ஊர்க் கோயிலிலும் பழைய பதிவேடுகள் இருக்கும். லேஸ் பின்னிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த முதியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். பதிவேடுகளைச் செல்லரிக்குமுன் புரட்டுங்கள். முதியவர்களை அருகமர்ந்து கேளுங்கள். கேட்டதை நாளும் ஊரும் குறித்து எழுதிவையுங்கள். நாஞ்சில் நாட்டின் வரலாற்றில் எழுதவேண்டிய பக்கங்கள் இன்னும் மிகுதியாக இருக்கின்றன.